டிராக்டரில் எழும் கருகல் நாற்றம்: குற்றம் யாருடையது?

(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதுவது)

உழவு மாட்டுக்கு நோய் கண்டால் அது தீனி எடுக்காது, அசை போடாது, காது தொங்கி, மூக்கு உலர்ந்து நிற்கும். இவ்வடையாளங்களை நம் குடியானவர்கள் பார்த்த மாத்திரத்தில் அறிந்து, ஏரை அவிழ்த்துவிட்டு மாட்டைக் கொட்டிலில் கட்டுவார்கள். சுரங் கண்ட மாட்டை அடித்து ஓட்டி இன்னும் நாலு சால் உழுதுவிடலாம் என்று எண்ணுகிற சம்சாரி எந்தக் கிராமத்திலும் இருக்கமாட்டான். ஆனால் பல லட்சம் ரூபாய் விலைக்கு, பெரும்பாலும் கடன் பட்டு வாங்கப்பெற்ற டிராக்டர் விஷயத்தில் இந்த விவேகம் நம்மிடம் காணப்படவில்லை என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. யந்திரத்துக்கு வாயில்லை; எனினும் தனக்கு நேர்ந்த துன்பத்தை அது நாற்றத்தினால் தெரிவிக்கிறது. அந்த முதல் நாற்றத்திலேயே நிறுத்தினால் செலவு அற்பம். நிறுத்தாவிட்டால் செலவு பெரிது. இது யாவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. அப்படியிருந்தும் ஏன் நிறுத்துவதில்லை என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி. நிறுத்த நினைக்கும் டிரைவருக்கு நிறுத்தும் சுதந்திரத்தை நாம் கொடுக்கவில்லை என்பதே அதற்கு விடை என்பது என் அபிப்பிராயம்.

இதைப் பிறர்மேல் குற்றமாகச் சொல்லுமுன், என் சொந்தப் பிழையை ஒப்புக்கொள்வது நியாயமாகும். சில வருஷங்களுக்கு முன் காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு கிராமத்தில் குறுவைப் பருவத்தில் வரிசை நடவைச் செய்து காட்ட ஏற்பாடு செய்திருந்தேன். 1934-ஆம் வருஷத்தில் கட்டி முடிந்த மேட்டூர் அணையை, நீர் இருப்பு அனுமதித்தால் ஜூன் மாதம் 12-ந் தேதி திறப்பது வழக்கம் என்பது வாசகர்கள் அறிந்ததே. தண்ணீர் வாய்க்காலுக்கு வந்ததும் நாலா பக்கமும் ஒரே சமயத்தில் சேற்றுழவு தொடங்கிவிடும். அவ்வருஷமும் அப்படியே. நான் பேசி வைத்திருந்த வாடகை டிராக்டர் இரும்புச் சக்கரம் மாட்டிச் சேறு கலக்கிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு மேலதிகாரி பார்வையிட வருவதாக ஏற்பாடு. பத்தரை மணி சுமாருக்கு டிரைவர், இருபது வயதுப் பிள்ளை, வண்டியை வரப்போரம் கொண்டுவந்து, "ஐயா, ஏதோ கருகுற நாத்தம் வருதுங்க. கொஞ்சம் நிறுத்திப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டான். அந்த நாற்றம் என் மூக்கிலும் பட்டது. இருந்தும், "இன்னும் ரெண்டு சுத்துத்தானே தம்பி, முடிச்சுட்டு நிறுத்து" என்றேன். அவன் மறு பேச்சுப் பேசாமல் வண்டியைத் திருப்பினான். இரண்டாவது சுற்றில், நடு வயலில், எஞ்சின் மட்டும் இரைந்தது, சக்கரம் அசையவில்லை.

வேறொரு டிராக்டரைக் கொண்டு அதை இழுத்துக் கரையேற்றினோம். பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது, கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பட்டைகள் கரியாகித் தேய்ந்து, அவற்றைப் பிடித்திருந்த ரிவிட்டுகள் பிளைவீலைக் கீறியிருந்தன. வண்டி எட்டு நாள் பட்டறையில் கிடந்தது. அதை மறுநாள் உழவுக்குப் பேசி வைத்திருந்தவர் ஒன்றரை ஏக்கர் நிலமுடைய ஓர் அம்மாள். அவருடைய நாற்றுக்கு அன்று வயது இருபத்திரண்டு நாள். குறுகிய கால நெல்லில் நாற்றைச் சுமார் பதினெட்டு முதல் இருபத்தைந்து நாளுக்குள் நட்டுவிட வேண்டும். முற்றிய நாற்று நன்றாகத் தூர் கட்டாது. அக்கம்பக்கத்தில் ஓய்ந்திருந்த டிராக்டர் ஒன்றுமில்லை. அந்த அம்மாளின் நடவு நாற்றின் முப்பத்திரண்டாம் நாளில் நடந்தது. அந்தக் குறை அறுவடையில் தெரிந்தது. களத்தில் நெல்லைத் தூற்றிக்கொண்டிருந்த அவர் என்னைக் கண்டு கோபிக்கவில்லை. "ஐயா, அந்தப் பையன் முன்னாடியே சொன்னானாமே?" என்று மாத்திரம் கேட்டார். வண்டிச் சொந்தக்காரர் பிளேட்டின் விலையை அந்தப் பையனுடைய கூலியில் பிடித்து வருகிறார் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிய வந்தது. சொந்தக்காரரிடம் போய், ஓட்டச் சொன்னவன் நானே என்று கூறினேன். அவர் பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அம்மாளின் விளைச்சலைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியவில்லை.

கிளட்ச் ஏன் கருகுகிறது?

கிளட்சின் தத்துவம் எளியது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரத்துக்குப் பிளைவீல் என்று பெயர். கியர் பெட்டிக்குச் செல்லும் தண்டின் முனையில் ஒரு தட்டு இருக்கிறது. அதன் இரு பக்கங்களிலும் உராய்வுப் பட்டை ஒட்டியோ ரிவிட்டு அடித்தோ வைக்கப்பட்டிருக்கும். பலமான ஸ்பிரிங்குகளையுடைய பிரஷர் பிளேட் அந்தத் தட்டைப் பிளைவீலோடு இறுக அழுத்துகிறது. அழுத்தம் முழுமையாயிருக்கும்வரை மூன்றும் ஒன்றாய்ச் சுழலும். உராய்வு இல்லை, சூடும் இல்லை. பெடலை முழுவதும் மிதித்தால் தட்டு விடுபடும். அப்போதும் சூடு இல்லை. பாதி மிதித்த நிலையில்தான் பிளைவீல் ஒரு வேகத்திலும் தட்டு வேறொரு வேகத்திலும் சுழன்று, ஒன்றோடொன்று தேய்கின்றன.

கிணற்றில் இறங்கும் வாளிக் கயிற்றை நினைத்துப் பாருங்கள். இறுகப் பிடித்தால் உள்ளங்கை பொசுங்காது. முற்றிலும் விட்டுவிட்டாலும் பொசுங்காது. அரைப் பிடியாகப் பிடித்துக் கயிற்றை நழுவவிடும்போதுதான் தோல் உரிகிறது. கிளட்சும் அவ்வாறே. வண்டி கிளம்பும் இரண்டொரு வினாடி அரைப் பிடி தவிர்க்க முடியாதது. அதைத் தாங்கவே அது செய்யப்பட்டிருக்கிறது. நிமிஷக் கணக்கில் அரைப் பிடியில் வைத்தால் எந்தத் தட்டும் தாங்காது.

அரைப் பிடி எப்படியெல்லாம் நேர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஓட்டும்போது இடது காலைப் பெடல்மேல் ஓய்வாக வைத்திருப்பது முதலாவது வழக்கம். சேற்றில் சக்கரம் புதைந்தபோது கியரைக் குறைக்காமல் கிளட்சை விட்டு விட்டுப் பிடித்து உந்துவது இரண்டாவது. பெரிய கியரில் பாரத்தோடு கிளம்புவது மூன்றாவது. வண்டியின் சக்திக்கு மீறிய அகலமுள்ள ரொட்டவேட்டரையோ, அளவுக்கு மிஞ்சி நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரையோ மாட்டுவது நாலாவது. இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டிகளில், ரொட்டவேட்டர் சுழன்றுகொண்டிருக்க வண்டியின் நடையை மட்டும் தணிப்பதற்காகப் பெடலை நடுவில் நிறுத்தி ஓட்டுவது ஐந்தாவது. நடையைத் தணிக்கச் சிறிய கியர் இருக்கிறது. அந்த வேலையைப் பெடலால் செய்வது தட்டை அடுப்பில் வைப்பதற்குச் சமானம்.

ஆனால் எல்லாக் குற்றமும் டிரைவரின் காலுக்கே உரியதன்று. பெடலை மிதிக்கத் தொடங்கும்போது சிறிது தூரம் அது வெறுமனே, இலேசாக இறங்க வேண்டும். மெக்கானிக்குகள் இதைப் பெடல் பிளே என்பார்கள். தட்டு தேயத் தேய இந்த வெற்று அசைவு குறைந்துகொண்டே வரும். அது அடியோடு இல்லாமற் போனால், டிரைவர் காலை எடுத்துவிட்டாலும் பெடல் பாதி மிதித்தபடியே இருப்பதற்கு ஒப்பாகும். நான் மேலே சொன்ன வண்டியில் நடந்தது இதுவே. அந்தப் பருவம் தொடங்குமுன் பிளேயை அளந்து பார்த்தவர் ஒருவருமில்லை.

நாற்றத்தின் வகைகள்

கருகல் நாற்றம் யாவும் கிளட்சிலிருந்து வருவதன்று. எந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று அறிவதே பரிகாரத்தின் முதற்படி.

கிளட்ச் கருகினால், கெட்டிக் காகிதமோ பழந்துணியோ எரிவதைப்போலக் காரமான நாற்றம் எழும். மலைச் சாலையில் இறங்கும் லாரியின் பிரேக்கு நாற்றத்தை அறிந்தவர்கள் இதையும் உடனே அறிந்துகொள்வார்கள். அதோடு எஞ்சின் வேகம் ஏறியும் வண்டியின் நடை ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்பதில் சந்தேகமில்லை.

கியர் ஆயில் காய்ந்தால், கந்தகமும் கருகிய வெங்காயமும் கலந்தாற்போன்ற நாற்றம் வரும். பற்சக்கரங்களைப் பாதுகாப்பதற்காக அந்த ஆயிலில் கந்தகச் சேர்க்கைகள் இருப்பதே காரணம். கியர் பெட்டியிலிருந்து ஊளையிடும் சப்தமும் கேட்டால், ஆயில் குறைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

எஞ்சின் ஆயில் கசிந்து சூடான சைலன்சர் குழாய்மேல் சொட்டினால் நீலப் புகையும் எண்ணெய் நாற்றமும் உண்டாகும். பிரேக்கு பிடித்தபடியே நின்றுவிட்டால் அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் நடுப்பகுதி மட்டும் மிகுதியாகச் சுடும். வண்டியைத் தள்ளினால் உருளாது. வைக்கோல் சைலன்சர் அருகில் சிக்கிக் கருகுவதும் அறுவடைக் காலத்தில் சாதாரணம்.

ரப்பரும் பிளாஸ்டிக்கும் உருகுகிற நாற்றம் வந்தால் அது மின்கம்பியின் கோளாறு. அங்கே ஆராய்ச்சி கூடாது. உடனே எஞ்சினை நிறுத்திப் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

உடனே செய்ய வேண்டியது

கிளட்ச் நாற்றமென்று தெரிந்தால், பாரத்தை இறக்கி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட வேண்டும். எஞ்சினைச் சில நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு, பிறகு நிறுத்தி அரைமணி நேரமாவது ஆறவிடலாம். புகை கண்ணுக்குத் தெரியுமானால் எஞ்சினை உடனே நிறுத்திவிடுவதே மேல். சூடான இரும்பின்மேல் வாய்க்கால் தண்ணீரை வாரி ஊற்றுவது பெரும் பிசகு, வார்ப்பிரும்பு வெடிக்கக்கூடும்.

ஆறிய பிறகு மூன்று பரீக்ஷைகள் செய்யலாம். இவற்றுக்கு மெக்கானிக் வேண்டியதில்லை.

முதலாவது, பெடலைக் கையால் அழுத்தி, அது இலேசாக இறங்கும் தூரத்தை ஒரு ஸ்கேலால் அளக்க வேண்டும். அநேக டிராக்டர்களில் இது 20 முதல் 30 மில்லிமீட்டர் சுமாரில் இருக்கும். எனினும் அந்தந்த வண்டியின் கைப்புத்தகத்தில் உள்ள அளவே பிரமாணம். குறைந்திருந்தால், கம்பியின் நட்டைத் தளர்த்திச் சரிப்படுத்துவது அரைமணி வேலை. சிறு கருகலோடு தப்பிய வண்டிக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

இரண்டாவது, சமதரையில், எதிரே யாரும் இல்லாத இடத்தில், இரண்டு பிரேக்குகளையும் இணைத்துப் பூட்டி, பெரிய கியர் ஒன்றைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டுப் பார்க்க வேண்டும். எஞ்சின் திணறி நின்றுவிட்டால் தட்டு நன்றாய்ப் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டேயிருந்தால் தட்டு வழுக்குகிறது; வண்டியைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டியதுதான். இந்தப் பரீக்ஷையை ஒரு தடவைக்குமேல் செய்யலாகாது; செய்தால் பரீக்ஷையே தட்டைக் கருக்கிவிடும்.

மூன்றாவது, கிளட்ச் கூட்டின் அடியில் பல வண்டிகளில் ஒரு சிறு துவாரம் இருக்கும். அதன் வழியே ஆயில் சொட்டினால், எஞ்சினின் பின்புற ஆயில் சீலோ கியர் பெட்டியின் முன்புறச் சீலோ கெட்டு, தட்டு எண்ணெயில் நனைகிறது என்று அர்த்தம். உலர்ந்து வேலை செய்யும் தட்டு எண்ணெயில் ஊறிவிட்டால், அதை டீசலில் கழுவி மாட்டுவதால் பிரயோஜனமில்லை. சீலையும் தட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். சீலை விட்டுத் தட்டை மட்டும் மாற்றினால், புதுத் தட்டும் பழைய கதியையே அடையும்.

நாற்றம் கியர் ஆயிலினுடையதானால், வண்டியைச் சமமாக நிறுத்தி, ஆறிய பிறகு அளவுக் கம்பியாலோ மட்டத் திருகைக் கழற்றியோ ஆயிலைப் பார்க்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சேற்றுழவு செய்யும் வண்டிகளில் இது அபூர்வமன்று. கறுத்துக் கருகல் நாற்றம் வீசினாலும், மினுக்கும் உலோகத் துகள்கள் விரலில் ஒட்டினாலும், ஆயிலை மாற்றுவதோடு காரணத்தையும் தேட வேண்டும். அளவுக்கு மேல் நிரப்புவதும் தவறு. ஆயில் நுரைத்துச் சூடாகும். இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். இக்காலத்து டிராக்டர்கள் பலவற்றில் கியர், ஹைடிராலிக், ஆயிலில் மூழ்கிய பிரேக்குகள் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில். அதில் கடையில் கிடைத்த சாதாரண 90-ஆம் நம்பர் கியர் ஆயிலை ஊற்றினால் பிரேக்கும் ஹைடிராலிக்கும் கெட்டுப்போகக்கூடும். கைப்புத்தகத்தில் சொன்ன ஆயிலையே வாங்க வேண்டும்.

பட்டறையில் கவனிக்க வேண்டியது

டிராக்டரின் கிளட்சைப் பார்க்க வேண்டுமானால், பெரும்பாலும் வண்டியையே நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். கூலி அதிகம். ஆகவே பிரித்த பிறகு தட்டு ஒன்றை மட்டும் மாற்றி மூடுவது சிக்கனம்போல் தோன்றினாலும் சிக்கனமன்று. பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்குகள், ரிலீஸ் பேரிங், தண்டின் முனையிலுள்ள சிறு பேரிங், ஆயில் சீல் ஆகியவற்றை அப்போதே பரிசோதித்து, பழுதானவற்றை மாற்றிவிட வேண்டும். பிளைவீலின் முகத்தில் நீலப் புள்ளிகளோ மயிரிழைப் பிளவுகளோ இருந்தால் கடைசல் பிடிக்கவோ மாற்றவோ வேண்டியிருக்கும். சொந்தக்காரர் நேரில் நின்று இவற்றைப் பார்ப்பது நலம்.

உடல்நலத்தைப் பற்றிய ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பழைய உராய்வுப் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கல்நார் சேர்ந்திருந்தது. அதன் தூள் சுவாசத்தோடு உட்சென்றால் நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். பிரிட்டனில் அதன் உபயோகம் 1999-ஆம் வருஷத்தில் முழுவதும் தடுக்கப்பட்டது. பழைய வண்டியின் தட்டில் அது இருக்குமா இருக்காதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகையால் கிளட்ச் கூட்டிலுள்ள தூளைக் காற்றுக் குழாயால் ஊதாமல், ஈரத் துணியால் துடைத்து எடுக்கும்படி பட்டறைக்காரரிடம் சொல்ல வேண்டும்.

மோட்டார் கார் வைத்திருப்பவர்களுக்கு

கார், ஜீப் வைத்திருக்கும் நிலச்சுவான்தார்களுக்கும் இவை பொருந்தும். மேட்டில் வண்டி பின்னே உருளாதிருக்க, பிரேக்கைப் பிடிக்காமல் கிளட்சின் அரைப் பிடியிலேயே நிறுத்தி வைப்பது நம்மவர்களின் பொதுவான வழக்கம். கைப்பிரேக்கு அதற்காகவே இருக்கிறது.

கிளட்ச் பெடல் இல்லாத ஆட்டோமாட்டிக் கார்களில் வேறு முறை. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் கார்களின் 1940-ஆம் வருஷ மாதிரியில் வந்த ஹைடிரா-மாட்டிக் முதற்கொண்டு பரவிய அவ்வகையில் பெரும்பாலானவை ஒரு திரவத்தைக் கொண்டே இயங்குகின்றன. அத்திரவம் புதிதாயிருக்கையில் பெரும்பாலும் சிவந்த நிறமாயிருக்கும். கருகிய ரொட்டி நாற்றத்தோடு கபிலமாகவோ கறுப்பாகவோ மாறினால், அது சூட்டினால் கெட்டுவிட்டது. திரவம் குறைதல், அளவுக்கு மிஞ்சிய பாரம் இழுத்தல், அதைக் குளிரச் செய்யும் கருவி அடைபடுதல் ஆகியவை முக்கியக் காரணங்கள். வண்டியை நிறுத்தி, ஆறவிட்டு, அளவைக் கைப்புத்தகம் சொல்லும் முறைப்படி பார்த்து, கசிவு இருந்தால் அடைத்து, குறிப்பிட்ட திரவத்தையே ஊற்ற வேண்டும். அளவுக் கம்பியே இல்லாத கார்களைத் தேர்ந்த பட்டறைக்கு இழுத்துச் செல்வதே சரி. ஓட்டிச் செல்வது சரியன்று.

யார் பொறுப்பு?

இனி முதலில் எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். மேலே கூறியவற்றில் பெரும்பாலானவை நம் டிரைவர்களுக்குத் தெரியாதவையல்ல. அந்த இருபது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. அவன் சொன்னான், நான் கேட்கவில்லை. பல டிரைவர்கள் சொல்வதேயில்லை. ஏனெனில் வாடகை மணிக்கணக்கில். டிரைவரின் படியும் மணிக்கணக்கில் அல்லது ஏக்கர் கணக்கில். வண்டி நின்ற அரைமணிக்குப் படி இல்லை. நிலத்துக்காரர் அவசரப்படுத்துவார், சொந்தக்காரர் "ஏன் நின்றது?" என்று கேட்பார், பிளேட் எரிந்தால் அதன் விலையும் கூலியில் பிடிக்கப்படும். இவ்வித ஏற்பாட்டில், நாற்றத்தை மறைப்பவனுக்கு அன்றைய படியாவது மிஞ்சுகிறது. நாற்றத்தைச் சொல்பவனுக்கு வசவே மிஞ்சுகிறது. உண்மையைச் சொல்பவன் நஷ்டமடையும்படி ஏற்பாடு செய்துவிட்டு, அவன் ஏன் சொல்லவில்லை என்று கேட்பது நியாயமாகாது.

"நிறுத்தினால் படி உண்டு என்று சொல்லிவிட்டால், வெற்றிலை போட வேண்டுமென்றாலும் நாற்றம் என்று சொல்லி நிறுத்திவிடுவார்களே!" என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். இந்த ஆக்ஷேபம் பலமுள்ளதன்று. இல்லாத கருகல் நாற்றத்தை உண்டாக்கிக் காட்ட எவராலும் முடியாது; வரப்பில் நிற்கும் நிலத்துக்காரரின் மூக்கே அதற்குச் சாக்ஷி. அப்படியே இரண்டொரு தடவை ஏமாற்றம் நடந்தாலும் நஷ்டம் அரைமணி. ஏமாறக் கூடாதென்ற பிடிவாதத்தில் இழப்பதோ ஒரு வாரம். அதுவும் சேற்றுழவுக் காலத்தில் ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தின் நஷ்டம் சொந்தக்காரரோடு நிற்பதில்லை. வரிசையில் காத்திருக்கும் சிறு குடியானவரின் நாற்றங்கால்வரை போகிறது.

ஆகவே டிராக்டர் சொந்தக்காரர்களுக்கு நான் சொல்வது மூன்று. நாற்றம் கண்டு நிறுத்திய நேரத்துக்குப் படியைப் பிடிக்காதீர்கள். பிளே அளக்காத வண்டியைக் கொடுத்துவிட்டு, பிளேட்டின் விலையை டிரைவர் தலையில் கட்டாதீர்கள். பருவம் தொடங்குமுன்னும், பருவத்தில் வாரம் ஒரு முறையும், நீங்களே குனிந்து பெடலை அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வாடகைக்கு அமர்த்தும் நிலத்துக்காரர்களுக்குச் சொல்வது ஒன்றே: டிரைவர் "நிறுத்தட்டுமா?" என்று கேட்டால், "நிறுத்து" என்று சொல்லுங்கள்.

கிராம அதிகாரிகளுக்கும், பஞ்சாயத்து, கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். 2014–15-ஆம் வருஷத்தில் தொடங்கிய மத்திய அரசாங்கத்தின் வேளாண்மை யந்திரமயத் திட்டத்தின் உதவியால், வாடகை யந்திர நிலையங்கள் பல இடங்களில் ஏற்பட்டிருக்கின்றன. யந்திரம் வாங்க மானியம் கேட்டு அலைகிற அளவுக்கு, அதை ஓட்டுபவனுக்குப் பயிற்சி தேடி நாம் அலைவதில்லை. மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் 1955 முதல் நடைபெறும் மத்திய அரசாங்கப் பண்ணை யந்திரப் பயிற்சி நிலையமும், நமக்கு அதைவிடச் சமீபத்தில், ஆந்திரப் பிரதேசத்துக் கார்லதின்னேயில் தென்பிராந்தியத்துக்கென உள்ள நிலையமும் இத்தகைய பயிற்சிக்காகவே ஏற்பட்டவை. உங்கள் நிலையத்தில் யந்திரம் ஒன்று வந்து இறங்கும்போது, பயிற்சிக்குப் போகப் போகிறவன் யார் என்ற கேள்வியையும் அன்றே எழுப்புங்கள். நிலையத்தின் விதிகளில், "கருகல் நாற்றம் கண்டு நிறுத்திய நேரத்துக்கு டிரைவருக்குப் படி உண்டு" என்ற ஒரு வரியையும் எழுதி, சுவரில் தெரியும்படி ஒட்டுங்கள். அதற்கு மானியம் தேவையில்லை.

இப்போது நான் நடத்தும் ஒவ்வொரு செய்து காட்டுதலிலும், உழவு தொடங்குமுன் டிரைவரைக் கூப்பிட்டு, கூடியிருப்பவர்கள் காதில் விழும்படி, "நாற்றம் வந்தால் யாரையும் கேட்க வேண்டாம் தம்பி; நீயே நிறுத்திவிடு; நேரத்துக்கு நான் பொறுப்பு" என்று சொல்லுவதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். இதனால் மேலதிகாரி வரும்போது இரண்டு தடவை வயல் பாதி உழுதபடியே இருந்தது. இரண்டு தடவையும் வண்டி அன்று மாலைக்குள் சரியாகி, மறுநாள் அடுத்தவருடைய வயலில் குறித்த நேரத்துக்கு இறங்கிற்று.